தப்பால்காரர் தேடித் தந்த பெயர்

அந்தப் பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோரில் ஒரு நாளைக்கு முப்பது பேரைத்தான் கூப்பிடுவார்கள். வீரம்மாவுக்கு அது தெரியாது. அவள் கையில் இருந்த நம்பர் துண்டுச் சீட்டில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது.

திம்புள்ளப் பக்கம் சாமிக்கல் தோட்டத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துத்தான் வந்தாள். பனிமூட்டத்தில் பஸ் ஊர்ந்து ஊர்ந்து நுவரெலியாவுக்கு வந்து சேர்வதற்குள் கந்தோர் வாசல் நிறைந்துவிட்டது. லயத்து வீட்டுக் கூரை ஒழுகியதில் தகரப் பெட்டிக்குள் இருந்த அவளுடைய பிறப்புப் பத்திரம் கூழாகிப் போயிருந்தது. புது அடையாள அட்டைக்கு அதன் பிரதி வேண்டும். ஐந்தாம் வகுப்போடு தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள், ஐம்பது வயதில் முதல்தடவையாக அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்குள் தனியாக வந்திருந்தாள்.

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடக்கிய குடை, தோளில் ஒரு பழைய கன்வஸ் பை.

"ஐயா, இந்தத் துண்டக் கொஞ்சம் வச்சிருக்கீங்களா? தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்."

"போய் வாங்க தாயி."

திரும்பி வந்ததும் அவர் ஒரு துண்டை நீட்டினார். அவள் பார்க்காமலே வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் பதினெட்டு என்று கூப்பிட்டார்கள். யாரும் எழும்பவில்லை.

"தாயி, ஒங்க நம்பரப் பாருங்களேன்" என்றார் பெரியவர்.

அவிழ்த்துப் பார்த்தாள். பதினெட்டு. காலையில் கண் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள். விண்ணப்பத்தைக் கொடுத்து எல்லாம் முடித்து வெளியே வர வெகுநேரமாகிவிட்டது, அதற்குள் முப்பதோடு ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அந்தப் பெரியவர் ஒரு துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

பஸ் புறப்பட்டுப் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "முருகா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த கிழமை பிரதியை வாங்க வந்தபோதும் அவர் அங்கே இருந்தார். வீரம்மா நேரே போய் நின்றாள்.

"ஏங்கய்யா ஒங்க துண்ட எனக்கு மாத்திக் குடுத்தீங்க? நீங்க டிக்கோயாவுல இருந்து வந்தவராமே. இங்க ஆளுங்க சொன்னாங்க. ஒங்க வேலை கெட்டுப் போச்சே."

"எனக்கு மறுநாளும் பஸ் ஓடுச்சு தாயி" என்றார். 

அவர் பெயர் செல்லசாமி. டிக்கோயாப் பக்கம் மேட்டுத் தோட்டத்தில் முப்பத்தாறு வருடம் தப்பால்காரராக இருந்தவர். தோட்டத்துக் கடிதங்களையெல்லாம் பையில் போட்டு டவுனுக்குக் கொண்டுபோவதும், டவுனில் இருந்து வருவதை எடுத்துக்கொண்டு மலை ஏறுவதும் அவருடைய வேலை. போக நாலு மைல், வர நாலு மைல். மழையோ அட்டைக்கடியோ, பை நனையாமல் போய்ச் சேரவேண்டும்.

தோட்டத்தில் ஒரு பிள்ளை பிறந்தால், ஒருவர் கண்ணை மூடினால், அந்தக் கடதாசியும் அவர் பையில்தான் போகும். சாவுக் கடதாசி பையில் இருக்கும் நாளில் டவுன் போய்ச் சேரும்வரை அவர் பையைத் தரையில் வைக்கமாட்டார். வழியில் யாராவது பிளேன்டீ கொடுத்தாலும் பையைத் தோளில் போட்டபடியே நின்று குடிப்பார். "உள்ளுக்க ஒரு மனுசன் இருக்காரு" என்பார். பிறப்புக் கடதாசி இருந்தால் திருப்பத்தில் இருக்கும் பிள்ளையாருக்கு வழியில் பறித்த பூ ஒன்றை வைத்துவிட்டுப் போவார். யாரும் சொல்லித் தந்ததில்லை. அவராகவே வைத்துக்கொண்ட முறை.

பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புதான். ஆனால் டவுன் பதிவுக் கந்தோர் வாசலில் காத்திருந்து காத்திருந்தே சிங்களம் பேசவும் வாசிக்கவும் பழகிக்கொண்டார். எந்தப் புத்தகத்தில் என்ன இருக்கும், எந்த வருடத்துப் பேரட்டவணை எந்த அலுமாரியில் இருக்கும் என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பார்கள். பென்சன் எடுத்த பிறகு மனைவியின் மரணப் பத்திரத்துக்காக ஒருநாள் இந்த நுவரெலியாக் கந்தோருக்கு வந்தவர், எத்தனை பேர் என்ன கேட்பதென்றே தெரியாமல் நிற்கிறார்கள் என்று கண்டார். அதன் பிறகு கிழமையில் இரண்டு நாள் வந்துவிடுவார். அப்பா பெயரைத் தேடுகிறவர்கள், கல்யாணம் பதிந்த நாளைத் தேடுகிறவர்கள், செத்துப்போன அக்காவுக்குத் திதி கொடுக்க நாள் தெரியாதவர்கள் என்று எல்லோருக்கும் தேடிக் கொடுப்பார். ஒரு பிளேன்டீக்கு மேல் எதையும் வாங்கியதில்லை.

அன்றைக்கு வீரம்மா தன் பிரதியை அவர் கையில் கொடுத்தாள்.

"சிங்களத்துல இருக்குங்கய்யா. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "வீரம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொம்பது, ஐப்பசி. சாமிக்கல் தோட்டம். அப்பா மாரிமுத்து. அம்மா ராக்காயி. அம்மாவோட வயசு நாப்பத்தொம்பது." கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பத்தொம்பதுல பிள்ளையா! ஒங்கம்மா கெட்டிக்காரிதான் போங்க."

அவர் சிரித்தார். வீரம்மா சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அவரும் நிறுத்திக்கொண்டார்.

"வாங்க தாயி, ஒரு தேத்தண்ணி குடிப்போம்."

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நஸார் காக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிறவரின் தேத்தண்ணிக் கடை. செல்லசாமியைக் கண்டதும் நஸார் கல்லாவில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

"வாங்கண்ணே! இன்னைக்கு யாரோட வாப்பாவத் தேடப்போறீங்க?"

"ஒன் வாப்பாவத்தான். காணாமப் போனவரா இருந்தா சொல்லு."

"அவரு வீட்டுலதான் இருக்காரு. காணாமப் போனாத்தான் எங்களுக்கு நிம்மதி."

இந்தச் சிரிப்புக்கு நடுவில் வீரம்மாவுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. பிளேன்டீ ஆறிப்போகும்வரை சொன்னாள்.

அவள் ராக்காயிக்குப் பிறந்தவள் இல்லை. பெற்றவள் அழகம்மா. அப்பா பெரியண்ணன். லயத்தில் ராக்காயியின் அறைக்கு அடுத்த காம்பிராவில் இருந்தவர்கள். வீரம்மாவுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் மாதம் திரும்பும் முன்னே செத்துப்போய்விட்டன. மூன்றாவதும் எமன் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று, பிறந்த அன்றே சுளகில் வைத்து லயத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பிள்ளையில்லாத ராக்காயி போய் ஒரு கைப்பிடி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இது அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். பேருக்கு விற்பது, பேருக்கு வாங்குவது. பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான்.

ஆனால் அழகம்மாவின் பயம் அதோடு நிற்கவில்லை. தோட்டத்து மருந்துக்கார ஐயா பிறப்பு எழுத வந்தபோது, "ஏம் பேரப் போடாதீங்க சாமி, புள்ள போயிரும்" என்று காலைப் பிடித்துவிட்டாள். ராக்காயி, அவள் புருசன் மாரிமுத்து என்றே எழுதிவிட்டுப் போனார் அவர். பெயரும் ராக்காயி வீட்டுச் சாமி பெயர். எமன் ஏமாந்தான். பிள்ளை பிழைத்தது.

எழுபத்தைந்தாம் வருடம் பெரியண்ணன் குடும்பத்துக்கு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போகும்படி உத்தரவு வந்தது. பாஸ்போட்டில் அப்பா, அம்மா, கைக்குழந்தையாக இருந்த தம்பி. வீரம்மா இல்லை. ஆவணி மாதம் ஹட்டன் ஸ்டேசனில் கோச்சி வந்து நின்றது. அழகம்மா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கோச்சி நகர்ந்ததும் ராக்காயி அவளை இடுப்போடு இழுத்துக்கொண்டாள். இந்தியாவில் இருந்து இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"லயத்துப் புள்ளைங்க என்னைத் தவிட்டுக்குட்டின்னுதான் கூப்புடுவாங்க. வெளையாட்டுல சண்டை வந்தா, 'ஒங்கம்மா ஒன்ன வித்துட்டுப் போயிட்டா'ம்பாங்க. ராக்காயி அம்மாகிட்டக் கேட்டா, 'நீ ஏம் புள்ளடி, அதெல்லாம் கேக்காத'ம்பாங்க. அவங்க கண்ண மூடி இருவது வருசம் ஆச்சு. எனக்கும் மக இருக்கு, கட்டிக் குடுத்துட்டேன். இன்னமும் கோயில்ல கும்புடுறப்ப அது ஒண்ணுதான் மனசுல நிக்கிது. என்னையும் கூட்டிட்டுப் போக நெனைச்சாங்களா, இல்ல தொல்லை விட்டுச்சின்னு போயிட்டாங்களா?"

செல்லசாமி குடைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பெத்தவங்க சும்மா போகமாட்டாங்க தாயி. ஏதாவது எழுதி வச்சிருப்பாங்க. எழுதியிருந்தா அது எங்கயோ ஒரு புத்தகத்துல இருக்கும். அடுத்த செவ்வாய் வாங்க."

அடுத்த செவ்வாய் வந்தாள். பழைய புத்தகங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்கள அம்மா. செல்லசாமியைச் 'சீயா' என்றுதான் கூப்பிடுவார். சிங்களத்தில் தாத்தா என்று அர்த்தம்.

"சீயா, திரும்பவும் வந்துட்டீங்களா? உங்களுக்கு இங்கேயே ஒரு மேசை போட்டுடலாம் போல" என்றார் சிங்களத்தில்.

"மேசையெல்லாம் வேணாம் மிஸ். பிள்ளையாருக்குப் போடுற மாதிரி ஒரு கல்லு போட்டாப் போதும். மூலையில உக்காந்துக்கிறேன்" என்றார் இவரும் சிங்களத்தில். அதைத் தமிழில் வீரம்மாவுக்கும் சொல்லிக் காட்டினார்.

அறுபத்தொன்பதாம் வருடத்துத் தோட்டப் பிறப்புகளின் பேரட்டவணையில் தேடினார்கள். பெரியண்ணன் மகள் வீரம்மா என்று ஒருத்தியும் இல்லை. ராக்காயி மகள் வீரம்மா மட்டும்தான். அதற்கு அடுத்த கிழமை எழுபது, எழுபத்தொன்று. அதிலும் இல்லை.

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள் வீரம்மா. இதற்காக இரண்டு நாள் கொழுந்துக்குப் போகவில்லை. அதுகூடப் பெரிதில்லை. இதுவரை தெரியாது என்று ஒரு ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டதே என்றிருந்தது.

"எழுதவே இல்லைங்கய்யா. எழுதியிருந்தா இருந்திருக்குமே. விடுங்க. நீங்களும் எத்தன தரந்தான் டிக்கோயாவுல இருந்து வருவீங்க. தவிட்டுக்குட்டி தவிட்டுக்குட்டியாவே இருந்துட்டுப் போறேன்."

செல்லசாமி குடையை ஊன்றி எழுந்தார். அவளைக் கூட்டிக்கொண்டு நஸார் கடைக்கு நடந்தார். நஸார்கூட அன்றைக்கு அவரைச் சீண்டவில்லை. பிளேன்டீ வந்தது. ஒரு வாய் குடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கோச்சி போனது எழுபத்தஞ்சுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. ஆவணி."

டம்ளரை வைத்துவிட்டுத் தன் நெற்றியில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"நான் ஒரு மடையன் தாயி. முப்பத்தாறு வருசம் அந்தப் பையச் சுமந்தும் மடையன். அந்த வருசங்கள்ல ஏம் பையில என்னா இருந்துச்சி தெரியுமா? பாதிக்குப் பாதி, நாள் கடந்து பதியுற கடதாசிதான். இந்தியாவுக்குப் போறவங்க எல்லாரும், எழுதாம விட்ட பிள்ளைங்களுக்குப் பத்திரம் கேட்டு எழுதிப் போட்டாங்க. பத்திரம் இல்லாமப் பாஸ்போட்டுல சேக்க மாட்டாங்களே! அதுங்கள பிள்ளை பொறந்த வருசத்துப் புத்தகத்துல வைக்கிறதில்ல. பதிஞ்ச வருசத்துப் புத்தகத்துலதான் வைப்பாங்க. நாம அறுபத்தொம்பதுல தேடிக்கிட்டு இருக்கோம். எழுபத்தஞ்சுல தேடணும்!"

வீரம்மாவுக்குப் பாதி விளங்கியது. நெஞ்சு மட்டும் முழுதாக அடித்தது.

"இன்னொன்னு சொல்லுங்க. ஒங்கம்மா ஒங்கள வீரம்மான்னா கூப்புட்டாங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஐம்பது வயதில் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன் மகளிடம்கூட.

"இல்லைங்க. கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள மட்டும்… பூங்காவனம்பாங்க. கொஞ்சுறதுக்குச் சொல்லுறாங்கன்னு நெனைச்சேன்."

"அப்ப அந்தப் பேருலதான் தேடணும். எமனுக்குப் பயந்த காலம் தாண்டிருச்சில்ல? அஞ்சு வயசு தாண்டிருச்சே பிள்ளைக்கு. இனிமே தன் பேரு வைக்கலாம்னு நெனைச்சிருப்பாரு ஒங்கப்பா."

அடுத்த செவ்வாய் வீரம்மா தோட்டத்து மாரியம்மனுக்கு ஒரு சூடம் கொளுத்திவிட்டுத்தான் பஸ் ஏறினாள். செல்லசாமி முதலாம் நம்பர் துண்டோடு காத்திருந்தார். முந்தின நாளே வந்து நஸார் கடையில் தங்கிவிட்டாராம்.

எழுபத்தைந்தாம் வருடத்துப் பேரட்டவணையில் அந்த மிஸ்ஸின் விரல் மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம். இன்னொரு பக்கம். மூன்றாவது பக்கத்தில் நின்றது.

"பூங்காவனம். சாமிக்கல் தோட்டம்" என்று வாசித்தார்.

வீரம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போய்ப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார் மிஸ். செல்லசாமி வரிவரியாகத் தமிழில் சொன்னார். பிறந்தது அறுபத்தொன்பது ஐப்பசி. அப்பா பெரியண்ணன். அம்மா அழகம்மா. அறிவித்தவர் பிள்ளையின் அப்பா. விண்ணப்பம் எழுதிக்கொடுத்தது எழுபத்தைந்து மாசி. மேலிடத்து உத்தரவு வந்து பதிவு ஏறியது அதே வருடம் ஐப்பசி.

"வெளங்குதா தாயி? மாசியிலயே எழுதிக் குடுத்துட்டாரு ஒங்கப்பா. கோச்சி ஆவணியில போயிருச்சு. கடதாசி ஐப்பசியில வந்திருக்கு. ரெண்டு மாசம். ரெண்டே ரெண்டு மாசம் பிந்திப் போச்சு. நாள் முடிஞ்சிட்டா அவங்க இங்க நிக்க ஏலாது. அங்க போனவங்க திரும்பி வரவும் அப்ப வழியில்ல."

வீரம்மா அழவில்லை. வரியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த எழுத்து அவளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் அதன் ஓரத்தில் இருந்ததை வாசிக்க எழுத்துத் தேவையில்லை. கறுப்பு மையில் ஒரு பெருவிரல் அடையாளம். அவளுடைய அப்பாவின் விரல்.

சாமிப் படத்தைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி அவள் கை அதன் பக்கம் போய், தொடாமல் நின்று, திரும்பி வந்து கன்னத்தில் ஒற்றிக்கொண்டது. மிஸ் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பிறகு அவரே எதையோ நினைத்துக்கொண்டவர் போல மறுபடி உள்ளே போனார். வெகுநேரம் கழித்து, நூலில் கோத்த பழைய கடதாசிக் கட்டு ஒன்றோடு வந்தார். நாள் கடந்து பதியும்போது சாட்சிகள் சொன்னதையும் எழுதிச் சேர்த்து வைத்திருப்பார்களாம். அதில் ஒன்றைப் பிரித்து, செல்லசாமியிடம் கொடுத்தார். செல்லசாமி வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் தொடங்கினார்.

"'சாமிக்கல் தோட்டம், மாரிமுத்து மனைவி ராக்காயியாகிய நான் சொல்வது. இந்தப் பிள்ளை நான் பெற்றதல்ல. பெற்றவள் அடுத்த காம்பிரா அழகம்மா. முன் பிள்ளைகள் இறந்ததால் பயந்து என்னிடம் தவிட்டுக்கு விற்றார்கள். என் பெயரில் எழுதியது அதனால்தான். பிள்ளை பெற்றவர்களோடு போகவேண்டும்.'"

அதன் கீழேயும் ஒரு பெருவிரல். சின்ன விரல். கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்துபோன விரல்.

அப்போதுதான் வீரம்மாவுக்கு அழுகை வந்தது. கந்தோர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அது கவலையாக இல்லை. "எங்கம்மா" என்றாள். "பிள்ளையில்லாதவங்கய்யா அவங்க. இருந்த ஒண்ணையும் குடுக்கிறேன்னு விரல் வச்சிருக்காங்க. ஒரு வார்த்தை… ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லல."

"சொன்னா நீங்க கடல் பக்கமே பாத்துக்கிட்டு ஏங்குவீங்கன்னு விட்டிருப்பாங்க" என்றார் செல்லசாமி. "ஒங்களுக்கு ரெண்டு அம்மா தாயி. ரெண்டு பேருமே ஒங்களுக்காகத் தங்கள மறைச்சிக்கிட்டவங்க. எத்தன பேருக்கு வாய்க்கும் இது?"

அந்தப் பதிவின் பிரதி கையில் கிடைத்த அன்று செல்லசாமி அதை மடிக்கவிடவில்லை. மடியிலும் வைக்கவில்லை. பஸ் நிலையம்வரை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் நஸார் கடை வாசலில் நின்று, பிளேன்டீயை நின்றபடியே குடித்தார். "ஒக்காருங்கண்ணே" என்றார் நஸார். "உள்ளுக்க மூணு பேரு இருக்காங்க" என்றார் இவர். நஸாருக்கு என்னவென்று விளங்கியிருக்காது. ஆனாலும் அவரும் எழும்பி நின்றுகொண்டார்.

வீரம்மா பிரதியைச் சட்டம் போட்டுச் சாமித் தட்டில் வைத்தாள். பக்கத்திலேயே ராக்காயி பெயர் இருந்த பத்திரத்தையும் வைத்தாள். மகள் சுதர்ஷினி வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஆளுக்கு ரெண்டு பொறப்பு சர்டிபிகட்டாம்மா? எங்கயும் கேள்விப்படல" என்று சிரித்தாள். "ஒங்கம்மா ரெண்டு தரம் பொறந்தவடி" என்றாள் வீரம்மா. இப்படித் தலைநிமிர்ந்து அவள் பேசி சுதர்ஷினி கேட்டதில்லை.

ஆடித் திருவிழாவில் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டபோது, வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "பெரியண்ணன் மக, அழகம்மா மக, ராக்காயி மக. பேரு பூங்காவனம் வீரம்மா." பூசாரி நிமிர்ந்து பார்த்தார். சின்ன வயதில் அவளைத் தவிட்டுக்குட்டி என்று கூப்பிட்ட ஒருத்தி, இப்போது பேரன் பேத்தி எடுத்தவள், வரிசையில் நின்றாள். பூசை முடிந்ததும் அவளே வந்து வீரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

செல்லசாமி போன வருடம் மார்கழியில் கண்ணை மூடினார். எண்பது வயது. எட்டு மாதத்துக்கு முன் இருந்தே பஸ் ஏற முடியாமல் போயிருந்தது. மேட்டுத் தோட்டத்துச் சாவு வீட்டுக்கு எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். தலவாக்கலையில் இருந்து, அக்கரப்பத்தனையில் இருந்து, நுவரெலியாவில் இருந்து. நஸார் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். செல்லசாமியின் மகன் நிரஞ்சனுக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத் தெரியாது. யாரென்று கேட்டால், "எங்கப்பா பேர எடுத்துக் குடுத்தவருங்க", "எங்கக்கா செத்த தேதியக் கண்டுபுடிச்சுக் குடுத்தவருங்க" என்றார்கள். நிரஞ்சன் அன்றைக்குத்தான் தன் அப்பாவைப் பற்றி முழுதாகக் கேள்விப்பட்டான்.

மரணம் பதியப் போகும்போது வீரம்மாவும் கூடப் போனாள். பதிவுகாரர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு எழுதினார். பெயர். வயது. இறந்த இடம். பிறகு கேட்டார், "தொழில்?"

"தோட்டத் தொழிலாளிங்க. பென்சன்" என்றான் நிரஞ்சன்.

"இல்லைங்க" என்றாள் வீரம்மா. கந்தோரில் இவ்வளவு சத்தமாக அவள் பேசியதே இல்லை. "தப்பால்காரர்னு போடுங்க ஐயா. அப்புடியே போடுங்க. நூறு வருசம் கழிச்சி யாராவது தேடி வந்து புத்தகத்தப் புரட்டுனா, இவரு யாருன்னு தெரியணும்."

பதிவுகாரர் நிரஞ்சனைப் பார்த்தார். நிரஞ்சன் தலையாட்டினான். அவர் எழுதினார். பத்திரம் கிடைத்ததும் வீரம்மா அதை மடிக்கவில்லை. தோட்டம் வந்து சேரும்வரை கீழேயும் வைக்கவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு செவ்வாய் அவள் நுவரெலியாவுக்குப் போகிறாள். புத்தகம் தேட அவளுக்குத் தெரியாது. ஆனால் யாரிடம் என்ன கேட்பது, என்ன பெயரில் தேடச் சொல்வது, வீட்டுக்குள் அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று எப்படிக் கேட்பது, அதெல்லாம் தெரியும். அந்த மிஸ் அவளுக்கும் ஒரு தனிச் சிரிப்பு வைத்திருக்கிறார்.

செல்லசாமியை அவள் கடைசியாகப் பார்த்தது அவர் கந்தோருக்கு வந்த கடைசி நாளில். நஸார் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு, இரண்டு பேரும் பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். ஹட்டன் பஸ் முதலில் புறப்படத் தயாராக நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வீரம்மா அவருடைய குடையை எடுத்து நீட்டினாள்.

"இனி எப்பங்கய்யா வருவீங்க?"

அவர் சட்டைப் பைக்குள் கையைவிட்டு, மடித்து மடித்து நைந்துபோன துண்டு ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். நாற்பத்தொன்று.

"நீங்க வெள்ளனயே வாங்க தாயி" என்றார். "சின்ன நம்பரா எடுங்க. பெரிய நம்பரோட பின்னால ஒருத்தி நிப்பா."